மூச்சுக்கு ரெண்டு இஞ்சு

சேம்பாறைப் பேரூராட்சித் தலைவர் பரஞ்சோதியின் தொந்தி, மே மாத மலர்க் கண்காட்சியின் தொடக்க விழாவில், ரிப்பன் வெட்டியதற்கும் பேண்டு வாத்தியம் முழங்கியதற்கும் நடுவிலிருந்த சிறு அமைதியில், ஊர் சனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. யாரும் அலறவில்லை. முட்டைக்கோஸில் செய்து வைத்திருந்த மயிலுக்கருகே நின்ற பூண்டு வியாபாரி, "தலைவர் நடைப்பயிற்சி போறார் போல," என்றார். பக்கத்திலிருந்தவர், "நேத்து வரைக்கும் போகலையே," என்றார். "இன்னைக்குக் காலையில போயிருப்பார்," என்று வியாபாரி பேச்சை முடித்துக்கொண்டார். மேகம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பழகிய மலையூர்க்காரர்கள், ஒரு தொந்தி போனதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கமாட்டார்கள்.

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த ஞானசௌந்தரி மட்டும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். தலைவர் போட்டிருந்த ஸ்வெட்டர் அவள் கையால் பின்னியது, அது சின்னதாகப் போய்விட்டது என்பதும் அவளுக்குத் தெரியும், பொத்தான் தெறித்துச் சப்-கலெக்டர் மூக்கில் அடிக்காமலிருக்க அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு அவள் கண்ணை மூடியிருந்தாள். கண்ணைத் திறந்தபோது பொத்தான் இருந்தது, தொந்திதான் இல்லை. அந்தோணியார் கேட்டதற்கு மேலேயே செய்துவிட்டார்.

சௌந்தரி குரோஷாக்காரி. கொக்கி மாதிரி மூக்கு வளைந்த ஒற்றை ஊசியும் நூலும் இருந்தால் போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஸ்வெட்டரின் ஒரு கையை முடித்துவிடுவாள். கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தி விட்டுப்போன பேட்டர்ன் புத்தகம் அவளிடம் இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "இவளுக்கு இடுப்பும் கிடையாது, கவலையும் கிடையாது, இவளை நம்பிப் பின்னினா நம்ம ஆளுக போட முடியாது," என்பாள் சௌந்தரி. அதனால் புத்தகத்தில் உள்ளதை ஒவ்வொரு உடம்புக்கும் மாற்றுவாள். களை வெட்டி வெட்டி வலத்தோள் பருத்த பெண்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் நாலு நூல் வளையம், அதாவது நாலு கண்ணி, கூட்டுவாள். பை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சாய்ந்துபோன தபால்காரருக்குச் சாய்ந்த பக்கத்தை நீளமாக்குவாள். முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, நூல் எவ்வளவு இளகுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணிக் கணக்குப் போடுவாள். எல்லாம் போட்டு முடித்தபின் மார்பளவோடு ரெண்டு இஞ்சு கூட்டிக்கொள்வாள். அது மூச்சுக்கு.

அளவெடுப்பதில்தான் அவள் சாமர்த்தியமே இருந்தது. டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்ளாத மனுசன் உலகத்தில் பிறக்கவில்லை. ஆண், பெண், சாமியார் யாராக இருந்தாலும் டேப் இடுப்பைச் சுற்றும்போது ஒரு சுற்று இளைத்துவிடுவார்கள். அதனால் சௌந்தரி டேப்பைச் சுற்றிவிட்டு இழுக்காமல், "உங்க சின்ன மருமக எப்படியிருக்கா?" என்று கேட்பாள். கேட்டவுடன் பெருமூச்சு வரும், வயிறும் தன் சொந்த ஊருக்குத் திரும்பும், அந்த நேரம் பார்த்து அளவை எடுத்துக்கொள்வாள். மருமகள் இல்லாதவர்களிடம் பங்காளியைப் பற்றி விசாரிப்பாள்.

பரஞ்சோதியிடம் இது பலிக்கவில்லை. நியூசிலாந்திலிருக்கும் அவர் மகள் அனுப்பிய மெரினோ ஆட்டு ரோம நூல், கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத லேசு, கழுத்தில் உரசினால் பூனைக்குட்டி உரசியது போலிருக்கும். மே மாதத்துக்கு இதுதான் சரி, விழாவுக்குள் வேண்டும் என்று தலைவர் ஆள்படையோடு வந்து நின்றார். சௌந்தரி டேப்பைச் சுற்றிவிட்டு, "மருமக எப்படிங்க?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லாயிருக்காங்க," என்றார் வார்டு மெம்பர். "தங்கமான பொண்ணு," என்றார் இன்னொருவர். தலைவருக்குப் பதிலாக எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், தலைவர் மட்டும் எக்கிய வயிற்றை விடவேயில்லை. மாதிரித் துண்டை நனைத்துக் காயவைக்கவும் நேரமில்லை. தலைவரின் பொய் எவ்வளவோ அவ்வளவுக்கே ஸ்வெட்டர் வந்தது, அந்தப் பொய்யை அவர் உடம்பு மேடையிலேயே உண்மையாக்கிவிட்டது.

மறுவாரமே சௌந்தரி வீட்டு வாசலில் கூட்டம். சப்-இன்ஸ்பெக்டர் தனக்கு மார்பு விரிய வேண்டும் என்றார், விரித்துப் போட்டுக்கொடுத்தாள், அவர் மார்பு விரிந்தது. ஆனால் மனசு விரியவில்லை, அதற்குத் தனி பேட்டர்ன் வேண்டும் என்றாள் சௌந்தரியின் மகள் அமலி. இடுப்பு குறைய வேண்டும் என்று பெண்கள் வந்தார்கள், தோள் நிமிர வேண்டும் என்று வாத்தியார்கள் வந்தார்கள். மினிபஸ் முதலாளி வந்து, மூணு பேர் சீட்டில் அஞ்சு பேர் உட்காருகிற மாதிரிப் பயணிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு ஸ்வெட்டர் இலவசமாகவே தருகிறேன் என்றார், இத்தனை வருசமாக "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம் என்று வருத்தப்பட்டார். ஸ்வெட்டரைக் கழற்றினாலும் உடம்பு பழையபடி திரும்பவில்லை. அலமாரியில் மடித்து வைத்திருந்தாலும் அது அங்கிருந்தபடியே ஆளைத் தன் அளவில் பிடித்து வைத்திருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. திருவிழாவில் மட்டும் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். அற்புதத்துக்குக் காரணம் நூலா, ஊசியா, கையா என்று மூன்று அணி. வத்தலகுண்டிலிருந்து வந்த நடுவர் மூன்று அணியையும் பாராட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் காரணம் பார்வையாளர்களாகிய உங்கள் கைத்தட்டல்தான் என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பை ஊர் ஏற்றுக்கொண்டு கைதட்டியது. ஒன்று மட்டும் தெரிந்துபோயிற்று: பின்னுவது யாராக இருந்தாலும், கடைசிக் கண்ணியைச் சௌந்தரி போட்டால்தான் உடம்பு பேச்சுக் கேட்டது.

அதன்பின் சௌந்தரிக்குப் பொன்னாடை போட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் 'கண்ணிக் கலைமணி' என்று பிளக்ஸ் வைத்தார்கள். தன் முகத்தைவிட வெள்ளையாக இருந்த அந்த முகத்தை அவள் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பாவம், கணவர் இறந்தபின் அவளை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, அமலியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் குத்தியது, குத்தினாலும் சுகமாகவே இருந்தது.

பொன்னாடை போட்ட கையோடு பேரூராட்சி ஒரு தீர்மானமும் போட்டது. ஆளுக்கு ஆள் இஷ்டப்படி உடம்பு வைத்துக்கொண்டால் ஊரில் ஒற்றுமை எப்படி வரும்? ஆகவே ஊருக்கெல்லாம் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், அதற்குச் 'சேம்பாறை அளவு' என்று பெயர். யாருடைய உடம்பை வைத்து அளவெடுப்பது என்பதில் கோயில் கமிட்டிக்கும் சர்ச்சின் பங்கு பேரவைக்கும் சண்டை வந்தது. இவர்கள் ஆளை நிறுத்தினால் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் ஆளை நிறுத்தினால் இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு உடம்பைத் தேர்ந்தெடுத்தார்கள், அது பேட்டர்ன் புத்தகத்தில் கடலைப் பார்த்து நின்றிருந்த வெள்ளைக்காரப் பொம்பளையின் உடம்பு. எல்லாருக்கும் திருப்தி. ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று தலைவர் பேசினார்.

சௌந்தரி ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "மூச்சுக்கு ரெண்டு இஞ்சு விடணுங்களே?"

"எதுக்கு?" என்றார் பரஞ்சோதி. "மூச்சு தன்னால வந்து போற சாமான். அதுக்குப் போய் நூலைச் செலவழிக்கிறதா? ஊர் முழுக்க ஆளுக்கு ரெண்டு இஞ்சுன்னா எவ்வளவு நூல் வீணாகும், யோசிச்சுப் பாரும்மா."

யோசித்துப் பார்த்தாள். பிளக்ஸையும் யோசித்துப் பார்த்தாள். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து, மகளிர் குழுப் பெண்கள் பின்னிக் குவித்த சாம்பல் ஸ்வெட்டர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கடைசிக் கண்ணி போட்டாள். ஊருக்கு முன்மாதிரியாகத் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டாள். தலைவருக்கு மட்டும், பதவியின் சுமையை முன்னிட்டு, நாலு இஞ்சு மூச்சு ஒதுக்கித் தனியாக ஒன்று பின்னச் சொல்லி இன்னொரு தீர்மானம் வந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது சேம்பாறை மிகவும் அமைதியான ஊராகிவிட்டது. ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச யாருக்கும் மூச்சுப் போதவில்லை. குழாயடியில் சண்டை 'ஏண்டி' என்று தொடங்கி அங்கேயே முடிந்தது. கேரட் மண்டியில் ஏலம் விரல்களால் நடந்தது. சர்ச் பூசையில் பங்குச் சாமியார் 'அன்பானவர்களே' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், சிறந்த பிரசங்கம் என்று சனங்கள் மெச்சிக்கொண்டார்கள். பேரூராட்சிக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி ஏன் இன்னும் கட்டப்படவில்லை என்று கேட்க எழுந்தவர்கள் 'தண்ணி' என்பதோடு மூச்சு முட்டி உட்கார்ந்தார்கள், உடனே அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. இவ்வளவு நாகரிகமான மக்களைத் தான் கண்டதில்லை என்று தலைவர் நாலு இஞ்சுக்கும் நிறையப் பேசினார். பூண்டுக் காட்டுக் கிழவர் ஒருவர் இறந்தபோதுதான் கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று. பெண்கள் சுற்றி உட்கார்ந்து, ஒப்பாரிக்கு வாயைத் திறந்து, 'எங்கய்யா' என்று தொடங்கி அதற்குமேல் முடியாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சத்தம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆளிடம்தான், அது அமலியிடம். அமலோற்பவம் என்ற முழுப்பெயரையே தாங்குகிற உடம்பு அவளுக்கு. வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும். அப்பா விட்டுப்போன பிக்கப் வண்டியில் கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு தினமும் வத்தலகுண்டுக்கு இறங்குவாள். கீழே வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று சொல்லிச் சேம்பாறை அளவிலிருந்து தப்பித்துக்கொண்டே இருந்தாள். கொண்டை ஊசி வளைவில் அவள் சிரித்தால் அடுத்த வளைவில் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடிக்கத் தேவையில்லாமல் ஒதுங்கிக்கொள்வான். ஓடைக்கரையில் கேரட் கழுவுகிற மிஷின் வைத்திருந்த பெனடிக்ட் அந்தச் சிரிப்புக்காகவே மிஷின் இரைச்சலையும் மீறி ஏதாவது கத்திச் சொல்லிக்கொண்டிருப்பான். அப்படிக் கத்திக் கத்தியே ரெண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பெனடிக்டின் அம்மா மதலேனம்மாள் அவனுக்குச் சேம்பாறை அளவை மாட்டிவிட்டபின், அவன் கத்துவதை விட்டுச் சிரிக்க மட்டும் செய்தான்.

ஒருநாள் மதலேனம்மாள் வெற்றிலைத் தட்டோடு வந்தாள். அவளும் சாம்பல் ஸ்வெட்டருக்குள் இருந்தாள்.

"சௌந்தரி. நல்லாயிருக்கியா?" என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். "பொண்ணு கேட்டு." மூச்சு வாங்கினாள். "வந்தேன்."

"உக்காருங்கக்கா," என்றாள் சௌந்தரி, அவளும் மூச்சு வாங்கிக்கொண்டு. சந்தோஷத்தில் நெஞ்சு பொங்கியது, பொங்கத்தான் இடமில்லை.

"நல்ல பொண்ணு." மூச்சு. "அளவுதான் கூட." மூச்சு. "நிச்சயத்தன்னிக்கு. ஊர் அளவுல. நிக்கணும்." இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு காபி ஆறிப்போகிற நேரம் ஆயிற்று. கடைசியாகச் சிரித்துக்கொண்டே, "ஒனக்கென்ன. கண்ணி குறைச்சா. ஆச்சு," என்றாள். நிச்சயத்துக்குத் தலைவரே வருவதாகவும், அவர் முன்னால் ஊர் அளவு மீறிய மருமகளை நிறுத்தினால் தன் மானம் போய்விடும் என்றும் தவணை முறையில் சொல்லிவிட்டுப் போனாள். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட இவ்வளவு நயமாக அழுதிருக்காது.

சௌந்தரிக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவளுக்கும் ஆசைதான். மகளைப் பார்த்து ஊரே 'கதவு' என்றும் 'பீரோ' என்றும் பட்டப்பெயர் வைத்ததைக் காதில் வாங்கியவள் அவள். ஊரில் யார் யார் மகளுக்கோ இடுப்பைக் குறைத்துக் கொடுத்தவள் தன் மகளுக்குக் குறைக்காவிட்டால் எப்படி என்று நினைத்தாள். பேரூராட்சி தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த சாம்பல் நூலை வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு, வண்டி வந்து நிற்கும்வரை காத்திருந்தாள்.

அமலி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தாள். அமலி சண்டை போடவில்லை. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"போட்டுரும்மா," என்றாள். "எம்புட்டு குறைக்கணுமோ குறைச்சுக்க. முன்னெல்லாம் நான் லோடு எறக்குறப்ப பெனடிக்ட் மிஷினுக்கு மேல கத்துவான், ஊர்க்கதை பூராஞ் சொல்லுவான். இப்ப ரெண்டு வார்த்தை சொல்லிட்டுச் சிரிக்கிறான், அம்புட்டுத்தான். நான் மட்டும் எதிர்த்தாப்ல நின்னு தொணதொணன்னு பேசிக்கிட்டு இருக்கேன், எனக்கே அசிங்கமா இருக்கு. நானும் சின்னதாயிட்டேன்னா ரெண்டு பேரும் சமமா உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்போம். போதும்மா, அவன் கூட இருந்தாப் போதும்."

"எந்திரி," என்றாள் சௌந்தரி. "அளவெடுக்கணும்." எவ்வளவு குறைப்பது என்று தெரிய, இருப்பது எவ்வளவு என்று தெரிய வேண்டுமே.

ஊரையே அளந்தவள் மகளை ஒருநாளும் டேப் வைத்து அளந்ததில்லை. குத்துமதிப்பாகவே பின்னிக் கொடுத்துப் பழகிவிட்டாள். இப்போது அமலி நடுவீட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள், சௌந்தரி எதிரே நின்று டேப்பின் ஒரு முனையை வலக்கையிலும் மறுமுனையை இடக்கையிலுமாக முதுகுப்பக்கம் கொண்டுபோனாள். கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள், முகம் மகளின் தோளில் இடிக்க இன்னும் நெருங்கிப் பார்த்தாள், தொடவில்லை. ஊரில் வேறு யாரைச் சுற்றியும் அவள் கை எட்டியது, ஏனென்றால் அவர்கள் எல்லாரும் அவள் அளவில் இருந்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்த பொம்பளையின் கையை வைத்துக்கொண்டு தான் பெற்ற பிள்ளையைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை.

அமலி அதைப் புரிந்துகொண்டு, அம்மாவுக்கு எட்டட்டும் என்று, வயிற்றை எக்கினாள். பிறந்ததிலிருந்து எதற்கும் எக்காத வயிறு அது. சௌந்தரிக்கு அழுகை வந்தது, அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது, அது அவளிடம் இல்லை. பிறகு டேப்பைக் கீழே போட்டுவிட்டுத் தன் ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றினாள்.

பின்னல் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். குரோஷாவில் ஆயிரம் கண்ணி இருந்தாலும் அத்தனையையும் பிடித்துக்கொண்டிருப்பது கடைசிக் கண்ணி ஒன்றுதான், அதை விடுவித்து நுனியைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் சொன்னபடி கேட்டு அவிழ்ந்து வரும். ஊரில் ஒருவரும் இதை இதுவரை செய்து பார்க்கவில்லை. புதுச் சட்டையை யார் பிரிப்பார்கள்? சௌந்தரி கழுத்தோரத்தில் முடிச்சைத் தேடிப் பல்லால் கடித்து அறுத்து இழுத்தாள். நூல் சர்ரென்று வந்தது. ஒரு வரிசை போனது, அவள் தோள் அகன்றது. இன்னும் சில வரிசை போனது, இடுப்பு இறங்கித் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. கை நீண்டது. நெஞ்சுக்குள் மலைக்காற்று முழுசாக இறங்கியது, அது இறங்கிய வேகத்தில் பல மாதத்து இருமலும் அழுகையும் சேர்ந்து வெளியே வந்தன.

பிறகு மகளைச் சுற்றிக் கைகளைக் கொண்டுபோனாள். எட்டியது. எட்டிய கையை எடுக்கவில்லை.

"என்னம்மா, அளவெடுத்துட்டியா?" என்றாள் அமலி.

"இருடி," என்றாள் சௌந்தரி.

அமலியின் உண்மையான அளவுக்குப் பேரூராட்சி நூல் போதவில்லை. அவிழ்த்த நூலை நனைத்து, சுருக்கம் போகக் கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்து, அதையும் சேர்த்துக்கொண்டாள். மாதிரித் துண்டு பின்னி நனைத்துப் பார்த்தாள். ஸ்டியரிங் திருப்புகிற தோளுக்கு நாலு கண்ணி கூட்டினாள், கக்கத்தில் கை தூக்க வசதியாக ஒரு முக்கோணம் விட்டாள், மூச்சுக்கு ரெண்டு இஞ்சு விட்டாள், கொஞ்சம் யோசித்துச் சிரிப்புக்கு இன்னொரு இஞ்சு விட்டாள். கடைசிக் கண்ணியைப் போட்டு அமலிக்கு மாட்டிவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அமலி அமலியாகவே இருந்தாள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்கிறார்கள், ஆனால் ஒன்றுமே நடக்காததைப் பார்த்து வயிறு நிறைந்தது தாய்க்குத்தான்.

நிச்சயதார்த்தம் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் நடந்தது. சாம்பல் நிறத்தில் ஊர் வரிசையாக உட்கார்ந்திருந்தது, நடுவில் பெரிய நாற்காலியில் பரஞ்சோதி. அமலி வாசலில் வந்து நின்றதும் மண்டபம் கொஞ்சம் இருட்டியது. மதலேனம்மாள் எழுந்து நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"குறைக்கலையே," என்றாள்.

"ஊர் அளவை மீறுவது என்பது," என்று பரஞ்சோதி நாற்காலியிலிருந்து கனைத்தார், "தனிப்பட்ட ஒரு குடும்பத்தின் விஷயம் அல்ல, இந்த மண்ணின் ஒற்றுமைக்கு..."

சௌந்தரி நடுவே வந்து நின்றாள். அந்த வருசம் சேம்பாறையில் தலைவரைத் தவிர வேறு யாரும் பேசாத அளவுக்கு நீளமாக, மூச்சே விடாமல் அவள் பேசினாள்.

"மதலேனக்கா, எம்மக பொறக்கும்போதே பெருசாத்தான் பொறந்தா, ஒரு நர்ஸம்மா தூக்க முடியாம இன்னொரு நர்ஸம்மாவக் கூப்பிட்டுச்சு, அவ அப்பா செத்தன்னிக்குக் கொட்டுற மழையில வண்டிய எடுக்க இந்த ஊர்ல ஒரு ஆம்பள முன்வரல, இவதான் ஏறி உக்காந்து பொட்டியோட அவரக் கல்லறைக்குக் கொண்டுபோனா, அன்னிக்குத் தோள் கூடன்னு ஒருத்தரும் சொல்லல, போன வருசம் மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னப்ப உங்களைத்தான் இவ முதுகுல தூக்கிக்கிட்டு மேல ஏறினா, அந்த முதுகுல உக்காந்துக்கிட்டு அகலம் கூடன்னு நீங்க எறங்கிக்கல, ஆளைப் பாத்துச் சட்டை போட்டுக்கிட்டு இருந்த நான் ஒரு பொன்னாடைக்குப் பல்லிளிச்சு சட்டையப் பாத்து ஆளைக் குறைச்சேன், அதுக்கு எம்புள்ளை உடம்பு பதில் சொல்லாது, தலைவரய்யா உங்களுக்குச் சொல்றேன், மூச்சு தன்னால வரும்னீங்க, எங்க மூச்சையெல்லாம் நீங்க உள்ள வச்சுக்கிட்டா எங்களுக்கு எங்கிட்டுருந்து தன்னால வரும், இஷ்டமிருந்தாக் கட்டுங்க, இல்லேன்னா இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க, கேசரி நிறையக் கிண்டியிருக்கோம்."

மதலேனம்மாளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, மூச்சில்லை. பரஞ்சோதிக்கு மூச்சிருந்தது, சொல்லத்தான் ஒன்றுமில்லை. எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். பெனடிக்ட் எழுந்து வந்தான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அமலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு ஒரு வார்த்தை போதும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அத்தை," என்றான் சௌந்தரியிடம். மூச்சு வாங்கினான். திரும்பி நின்று, குனிந்து, பிடரியில் ஸ்வெட்டரின் முடிச்சு இருந்த இடத்தைக் காட்டினான். "இழுங்க."

சௌந்தரி முடிச்சை அறுத்தாள். நுனியைத் தான் இழுக்காமல் அமலியின் கையில் கொடுத்தாள். அமலி லோடு கட்டின கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்தாள், நூல் வந்து அவள் காலடியில் குவிந்தது, பெனடிக்ட் வரிசை வரிசையாக அகன்று, உள்சட்டைப் பொத்தான் ரெண்டு தெறித்து ஒன்று தலைவர் மடியில் விழ, நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்தான். இழுத்தவன் மிஷின் ஓடுகிற நினைப்பிலேயே, "எனக்குச் சம்மதம்!" என்று கத்தினான். மண்டபத் தகரக் கூரையில் இருந்த காக்காயெல்லாம் பறந்துபோயின. அமலி சிரித்த சிரிப்பில் கேசரித் தட்டுகள் அதிர்ந்தன.

வரிசைகளில் சலசலப்பு. ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் முதலில் எழுந்திருக்கத் துணியவில்லை. மதலேனம்மாள்தான் எழுந்தாள். மகனையும் பார்க்காமல் மருமகளையும் பார்க்காமல் நேரே சௌந்தரியிடம் வந்து, திரும்பி, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்," என்றாள்.

சௌந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. முடிச்சை அறுத்து, நோகாமல், மெல்ல மெல்ல இழுத்தாள். கடைசி வரிசையும் வந்ததும் மதலேனம்மாள் ஒரு மூச்சு இழுத்தாள் பாருங்கள், அவ்வளவு ஆழமான மூச்சு, என்ன சொல்லப்போகிறாளோ என்று மண்டபமே காத்திருந்தது.

"பொண்ணெல்லாம் சரிதான் சௌந்தரி, எனக்கும் சம்மதந்தான், நான் ஒண்ணுஞ் சொல்லல, ஆனா கல்யாணத்துக்கப்புறம் அம்மாம்பெரிய வண்டிய ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சா பாக்குறவுக என்ன நினைப்பாங்க, அந்தப் பிக்கப்பை மட்டும் கொஞ்சம் சின்னதா, ஒரு ஸ்கூட்டி அளவுக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கூடாதா?"

சௌந்தரி காலடியில் கிடந்த சாம்பல் நூலை வாரி எடுத்தாள். மடியில் செருகியிருந்த குரோஷா ஊசியையும் அதன்மேல் வைத்தாள்.

"இந்தாங்க சம்மந்தி," என்று நீட்டினாள். "நூல் இருக்கு, ஊசி இருக்கு. வண்டிக்கு ஒண்ணு நீங்களே பின்னிப் போட்டுருங்க."